ஐந்தாவது ஏன்

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். அந்தச் சொல் காதில் விழுந்த மறுநொடி கையில் ஒரு எச்சில் கோப்பை வந்து சேரும் என்பது மட்டுமே அதில் இருந்த சிக்கல்.

அது குடிநீரைப் பரிசோதிக்கும் ஆய்வகம். வேதியியல் பிரிவில் ஆறு பேர். ஐந்து அண்ணன்கள், ஒரு தங்கச்சி. மூன்று வருடங்களுக்கு முன்பு, வேலையில் சேர்ந்த முதல் நாள் காலையில், ஒரு அண்ணன் டீ குடித்து முடித்த கோப்பையைச் சிங்க் ஓரமாக வைத்துவிட்டு, "கழுவிடும்மா, சும்மாதானே நிக்கிற" என்றார். அப்போது அவள் உண்மையிலேயே சும்மாதான் நின்றுகொண்டிருந்தாள். அதன் பிறகு அவள் சும்மா நின்றதே இல்லை. இருந்தும் கோப்பைகள் வருவது நிற்கவில்லை.

அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, தண்ணீரில் பாஸ்பேட் இருக்கிறதா என்று பார்ப்பது. மருந்து சேர்த்தால் பாஸ்பேட் உள்ள தண்ணீர் நீலமாகும். எவ்வளவு நீலமோ அவ்வளவு பாஸ்பேட். ஒவ்வொரு முறையும் எதுவுமே கலக்காத சுத்த நீரையும் ஒரு குப்பியில் வைத்து அதே மருந்தைச் சேர்க்க வேண்டும். அதற்குப் பிளாங்க் என்று பெயர். பிளாங்க் நிறமில்லாமல் இருந்தால்தான் மற்ற குப்பிகள் சொல்வதை நம்பலாம்.

அவள் செய்த சோதனைகளின் ரிப்போர்ட்டெல்லாம் பெரியண்ணன் கையெழுத்தில் வெளியே போயின. பிரிவில் கையெழுத்து அதிகாரம் அவர் ஒருவருக்குத்தான். நல்ல மனிதர். வாய் நிறையப் பாராட்டுவார். "நீ போட்ட நம்பர்னா நான் பார்க்கவே மாட்டேன், அப்படியே கையெழுத்துப் போட்டுடுவேன்" என்பார். அவர் உண்மையிலேயே பார்க்கவில்லை என்பது பிறகு தெரியவந்தது.

இந்த வருடம் தணிக்கைக்கு வெளியிலிருந்து வரும் அதிகாரி அவளைச் சோதித்துப் பார்த்து, சரி என்று சொன்னால், அவளுக்கும் கையெழுத்து அதிகாரம் கிடைக்கும். மூன்று வருடமாக அவள் வீட்டில்கூட யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருந்த ஆசை அது ஒன்றுதான். தன் எண்ணுக்குக் கீழே தன் பெயர்.

தணிக்கைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பிளாங்க் நீலமாகத் தொடங்கியது. முதலில் லேசாக, பிறகு பார்த்த கண்ணுக்கே தெரியும்படி. பெரியண்ணனிடம் காட்டினாள். "அந்த நீலத்தைக் கழிச்சுட்டு மிச்சத்தைப் போடும்மா" என்றார். அதுதான் அங்கே வழக்கம். அவள் கழித்தாள். ஆனால் கழித்தது எவ்வளவு என்பதையும் தன் நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தாள். யாரும் கேட்காத விவரத்தை எழுதிவைப்பது அவள் பழக்கம்.

ஐந்து அண்ணன்களும் இரண்டு நாள் பயிற்சிக்குப் போயிருந்தபோது பிளாங்க் பளிங்கு மாதிரி இருந்தது. அவர்கள் திரும்பி வந்த அன்று மறுபடியும் நீலம். அவள் அறிவியல் படித்தவள். அண்ணன்களின் மூச்சில் பாஸ்பேட் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் வேண்டுமென்றே கோப்பைகளைத் தொடாமல் இருந்து பார்த்தாள். மறுநாள் கழுவிப் பார்த்தாள். விடை கிடைத்தது. குப்பிகளை ஆசிட்டில் மட்டுமே கழுவ வேண்டும். சோப்பு பக்கத்திலேயே வரக் கூடாது. மாதக் கடைசியில் வாங்கிய புதிய சோப்புத்தூளில் பாஸ்பேட் இருந்தது. அதே சிங்க்கில், அதே கையால், ஐந்து கோப்பைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அவள் குப்பிகளைத் தொட்டிருக்கிறாள். நீலம் அவள் கையிலிருந்துதான் வந்தது.

இதை வாயால் சொல்ல அவள் ஒரு வாரம் முயன்றாள். ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் யாராவது ஒருவர் கோப்பையை நீட்டினார்கள். கடைசியில் ஒரு வெள்ளைத்தாளில் தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதிச் சிங்க்குக்கு மேலே ஒட்டினாள்.

"அவரவர் கோப்பையை அவரவர் கழுவிக்கொள்ளவும். இந்தச் சிங்க்கில் சோப்பு வேண்டாம். பாஸ்பேட் பிளாங்க் பாதிக்கப்படுகிறது."

ரிப்போர்ட் அறையில் கணினியில் உட்கார்ந்திருப்பவருக்கு வானொலி என்று பட்டப்பெயர். அவர் காதுக்குப் போனது மாலைக்குள் ஊருக்குப் போய்விடும். அவர் அந்தத் தாளைப் படம் எடுத்தார். மற்ற இரண்டு வாக்கியங்களும் இடத்தை அடைத்ததால் வெட்டிவிட்டார். முதல் வாக்கியத்தை மட்டும், "பெண்ணியம் எங்க ஆபீஸ் சிங்க் வரைக்கும் வந்தாச்சு நண்பர்களே" என்ற வரியோடு இணையத்தில் போட்டார்.

மூன்று நாளில் அதை நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். நாலு லட்சம் பேருக்கும் கோப்பை கழுவுவது பற்றி உறுதியான கருத்து இருந்தது. ஆச்சரியம், கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் தங்கள் வாழ்நாளில் ஒரு கோப்பையைக்கூடக் கழுவியதில்லை என்பதை அவர்களே பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள். ஒருவர் குடும்ப அமைப்பு சிதைகிறது என்று புள்ளிவிவரத்தோடு எழுதினார். ஒருவர் இப்படித்தான் நாகரிகங்கள் அழிந்தன என்றார். இன்னொருவர், எழுதியவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது என்று கண்டுபிடித்தார். அது மட்டும் சரியாக இருந்தது.

வீட்டில் அவளுக்கு அம்மா, அண்ணன், அண்ணி. அது சொந்த அண்ணன். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு நால்வரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். "ஒரு கோப்பையும் ஓர் ஆணின் கௌரவமும்" என்று விவாதம். ஆண்கள் நலச் சங்கத் தலைவர் ஒருவர் கண் கலங்கினார். ஒரு பேராசிரியை, அந்த முகம் தெரியாத சகோதரியின் கோபம் நூற்றாண்டுகளின் கோபம் என்றார். அந்தச் சகோதரிக்கு அப்படிக் கோபம் எதுவும் இருந்ததாக நினைவில்லை. சோப்புதான் நினைவில் இருந்தது. ஒரு குடும்ப ஆலோசகர், தான் முப்பது வருடமாகக் கணவரின் கோப்பையை அன்போடு கழுவுவதாகச் சொன்னார். கணவருக்கு அதைப் பார்க்க நேரமில்லை, அவர் இன்னொரு சேனலில் விவாதத்தில் இருந்தார். ஒரு மணி நேரத்தில் பாஸ்பேட் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை.

அண்ணன் குஷியில் இருந்தான். இந்த விஷயத்தில் அவன் இதுவரை நாற்பத்து மூன்று கருத்துகள் எழுதியிருக்கிறானாம். அதில் சிறந்ததைச் சத்தமாகப் படித்துக் காட்டினான். ஒரு கப்பைக் கழுவ வக்கில்லாதவள் எந்த வீட்டுக்குப் போய் விளங்கப் போகிறாள் என்று தொடங்கி, வளர்ப்பு சரியில்லை என்று முடிந்தது. அதற்குத் தொள்ளாயிரம் பேர் விருப்பம் போட்டிருந்தார்கள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் வந்த தாளை உற்றுப் பார்த்தாள்.

"இது நம்ம பாப்பா எழுத்து மாதிரி இருக்கே. 'ழு'வை இப்படி வால் நீட்டி அவதான் எழுதுவா."

அண்ணன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். திரையில் சங்கத் தலைவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"நீயா?" என்றான் அண்ணன்.

அவள் தலையாட்டினாள்.

"நீன்னு தெரியாதுல்ல. தெரிஞ்சிருந்தா மரியாதையா எழுதியிருப்பேன்."

"வளர்ப்பு சரியில்லன்னு எழுதினியே, அது என்னையும்தானேடா" என்றாள் அம்மா. அண்ணி எழுந்து அடுக்களைக்குள் போனாள். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் போனாளா, அண்ணனின் தட்டைக் கழுவப் போனாளா என்பது தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம். அண்ணன் அந்தக் கருத்தை நீக்கப்போவதாகச் சொன்னான். தொள்ளாயிரம் விருப்பத்தை ஒரே அடியில் இழக்க மனம் வராததால், மறுநாள் நீக்குவதாக முடிவு செய்தான். மறுநாள் ஆயிரத்து நூறு ஆகிவிட்டது. பிறகு எப்படி நீக்குவது.

ஆய்வகத்திலும் போராட்டம் நடந்தது. முதல் நாள் ஐந்து அண்ணன்களும் கோப்பைகளைக் கழுவாமல் குவித்து வைத்தார்கள். அவள் தொடவில்லை. துணிச்சலால் இல்லை, பிளாங்க் கெட்டுவிடும் என்ற பயத்தால். மூன்றாம் நாள் கோப்பைகளில் பூசணம் பூத்தது. நான்காம் நாள், தன்மானத்தை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று சொல்லி, ஆண்கள் அனைவரும் காகிதக் கோப்பைக்கு மாறினார்கள். அந்த உரிமைப் போரின் விளைவாகச் சிங்க்கில் சோப்பு வருவது அடியோடு நின்றது. பிளாங்க் நிறமில்லாமல் தெளிந்தது. அவள் புதிய நோட்டைத் தொடங்கினாள். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. இந்த வெற்றிக்காக அவள் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் இருந்தாள்.

இடையில் ஒரு பெண்கள் அமைப்பிலிருந்து, ஆய்வகத்து நம்பரைத் தேடிப் பிடித்து, அவளுக்குப் போன் வந்தது. அவர்கள் நடத்தும் கூட்டத்துக்கு அவள் வர வேண்டும் என்றார்கள். தனக்குப் பேச வராது என்றாள். "பேச வேண்டாம்மா, பேசுறதுக்கு எங்ககிட்ட ஆள் இருக்கு. நீங்க மேடையில உட்கார்ந்தா போதும்" என்றார்கள். பேசாமல் உட்காருவதற்கு அவளுக்கு வீடும் ஆபீசும் ஏற்கெனவே இருந்தன. பணிவாக மறுத்துவிட்டாள்.

தணிக்கைக்கு மூன்று நாள் முன்னால் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். தாள் அப்போது சுவரிலிருந்து எடுக்கப்பட்டு அவர் மேஜையில் கிடந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு தாள், கணினியில் அடித்தது. என் வாசகத்தால் ஆண் ஊழியர்களின் மனமும் பொதுமக்களின் மனமும் புண்பட்டிருந்தால் அதற்காக வருந்துகிறேன். கீழே அவள் பெயர். அதற்கு மேல் ஓர் இடைவெளி.

அவருக்குத் தனிப்பட்ட முறையில் எந்த ஆட்சேபமும் இல்லையாம். அவரும் இரண்டு பெண்களைப் பெற்றவராம். ஆனால் நிறுவனம் என்று ஒன்று இருக்கிறதாம்.

"ரெண்டே வரிம்மா. கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா, வெள்ளிக்கிழமை தணிக்கையாளர்கிட்ட உங்க பேரை நானே சொல்றேன். போடலைன்னா எனக்கும் சங்கடம். பிரச்சினைக்குரிய ஆளுக்கு எப்படி அதிகாரம் கேட்கிறதுன்னு நாளைக்கு யாராவது கேட்பாங்க."

மூன்று வருடத்தில் அந்த ஆய்வகம் அவள் கையெழுத்தைக் கேட்பது அதுவே முதல் தடவை. அவள் படித்துப் பார்த்து, யோசித்துச் சொல்வதாகத் தாளை வாங்கிக்கொண்டாள். வாசலில் பெரியண்ணன் நின்றிருந்தார். அவரும் நல்லது சொல்லத்தான் நின்றார்.

"போட்டுக் குடுத்துடு தங்கச்சி. அப்புறம் இன்னொண்ணு. வெள்ளிக்கிழமை அந்தப் புது நோட்டை மட்டும் காட்டு, பழசு வேண்டாம். மூணு வாரமும் சுத்தமா இருக்கு, பார்த்ததும் பாஸ் பண்ணிடுவார். பழசைக் காட்டினா முதல்ல மாட்டுறது நீதான். கை உன்னோடது."

அவர் சொன்னதில் தவறில்லை. கை அவளுடையதுதான். மூன்று நாளும் அவள் பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிளாங்க் நீலமான நாட்களில் பதினேழு ரிப்போர்ட் வெளியே போயிருந்தன. அவள் கழித்த நீலம் ஒரு குப்பிக்குச் சரி, அடுத்த குப்பிக்குச் சரியில்லை. கையில் ஒட்டிய சோப்பு எல்லாக் குப்பிக்கும் அளந்து போய்ச் சேர்வதில்லை. அந்தப் பதினேழில் ஒன்று ஒரு குடியிருப்பின் கிணறு. பாஸ்பேட் அதிகம், சாக்கடை கலந்திருக்கலாம் என்று சொல்லி நாலு வாரமாகக் கிணற்றை மூடிவைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை தணிக்கையாளர் வந்தார். ஒடிசலான மனிதர், ஓய்வுபெற நாலு மாதம் பாக்கி. அவர் வீட்டில் தொலைக்காட்சி பழுதாகி ஒரு வருடம் ஆகிறதாம். சரி செய்யத் தோன்றவில்லையாம். கோப்பை விவகாரம் எதுவும் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் படிவங்கள். இயக்குநர் அவளை அறிமுகப்படுத்தவில்லை. கையெழுத்துப் போடாத தாள் அவள் பையில் இருப்பது அவருக்குத் தெரியும்.

தணிக்கையாளர் புதிய நோட்டைப் பார்த்தார். மூன்று வாரத்தையும் ஒரு நிமிடத்தில் புரட்டி முடித்தார்.

"இதுக்கு முன்னாடி?"

பெரியண்ணன் தொண்டையைக் கனைத்தார். அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து பழைய நோட்டை எடுத்து நீட்டினாள்.

"இதுல பிளாங்க் கெட்டிருக்கு சார். பதினேழு ரிப்போர்ட் தப்பா போயிருக்கு. சோப்புப் பட்டது என் கையிலேர்ந்து."

தணிக்கையாளர் அதிரவில்லை. பையிலிருந்து ஒரு படிவத்தை உருவிப் பெரியண்ணன் முன்னால் வைத்தார். கையெழுத்து அதிகாரம் உள்ளவர்தான் நிரப்ப வேண்டுமாம். தவறு நடந்தால் நிரப்பும் படிவம் அது. அதில் ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றிலும் 'ஏன்' என்று அச்சிட்டிருக்கும். முதல் ஏனுக்கு எழுதிய பதிலைப் பார்த்து அடுத்த ஏனைக் கேட்க வேண்டும். ஐந்தும் நிரம்பாமல் படிவம் மேலிடத்தில் செல்லாது.

முதல் மூன்றும் மளமளவென்று போயின. பிளாங்க் ஏன் நீலமானது? சோப்பு. சோப்பு ஏன் குப்பியில் வந்தது? அதே சிங்க்கில் டீக் கோப்பைகள் கழுவப்பட்டன. ஏன் அங்கே? வேறு சிங்க் இல்லை. பெரியண்ணன் நிம்மதியாக மூச்சு விட்டார்.

நாலாவதில் தணிக்கையாளர் கேட்டார், பாஸ்பேட் பார்க்கும் ஆள் ஏன் கோப்பை கழுவினார் என்று. பெரியண்ணன் அவளைப் பார்த்தார். அவள் நோட்டைப் பார்த்தாள். கடைசியில், எல்லோருடைய கோப்பைகளும் அவரிடம் கொடுக்கப்பட்டதால் என்று எழுதினார்.

"ஏன் அவங்ககிட்ட?"

"அது வழக்கம் சார்."

"வழக்கம்னு எழுதினா படிவம் திரும்பி வந்துடும். வழக்கத்துக்கும் காரணம் போடணும். ஜூனியரா?"

"இல்ல சார். இவங்களுக்கு அப்புறம் ரெண்டு பேர் சேர்ந்திருக்காங்க."

"கழுவுறது இவங்க வேலைப் பட்டியல்ல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப ஏன்?"

அதுவரை அமைதியாக இருந்த இயக்குநர், நேரமாகிறதே என்ற எரிச்சலில், யாருக்கும் தெரியாததா என்பது போலச் சொன்னார்.

"பிரிவுல இவங்க ஒருத்தங்கதானே சார் பொம்பளை."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.

"அதை எழுதுங்க" என்றார் தணிக்கையாளர். "அப்படியே எழுதுங்க. இப்பதான் காரணம் மாதிரி இருக்கு."

நாலு லட்சம் பேர் மூன்று வாரம் அடித்துக்கொண்டும் வராத பதில், அச்சடித்த கட்டத்தில், ஐந்து அண்ணன்களில் மூத்தவரின் கையெழுத்தில் மெதுவாக இறங்கியது. பேனா இரண்டு முறை நின்றது. தணிக்கையாளர் அதைப் படித்துவிட்டு, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் முத்திரை குத்தினார். அவருக்கு அது சோப்பு மாதிரி இன்னொரு காரணம், அவ்வளவுதான்.

சரிசெய்யும் நடவடிக்கை என்ற இடத்தில், இரண்டாவது சிங்க் அமைக்கப்படும் என்று இயக்குநர் தானே முன்வந்து சொன்னார். புது மின்விசிறிக்கு இரண்டு வருடம் எடுத்துக்கொண்ட நிறுவனம் சிங்க்குக்கு இரண்டு நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்தது. ஐந்து ஆண்கள் கோப்பை கழுவுவதைவிடச் சுவரை இடிப்பது அவர்களுக்குச் சுலபமாகப் பட்டது.

கையெழுத்து அதிகாரம் பற்றித் தணிக்கையாளர் கடைசியில்தான் பேசினார். பழைய நோட்டில் அவள் நீலத்தைத் தேதி போட்டு எழுதியிருந்த பக்கத்தில் விரலை வைத்து, இப்படி எழுதுகிறவர் கையெழுத்துப் போடலாம் என்றார். ஒரு நிபந்தனை. அந்தப் பதினேழு தண்ணீரையும் மறுபடி வாங்கி, சோதித்து, முந்தையது தவறு என்று சொல்லும் ரிப்போர்ட்டுகளை அவளே தன் பெயரில் அனுப்ப வேண்டும். பெரியண்ணன் பெயரில் போன தவறுகளை அவள் பெயரில் திருத்துவதா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பத்து நாளில் பதினேழையும் முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

வானொலி கடமை தவறவில்லை. "கப் கழுவ மாட்டேன்னு சொன்னவங்க கையால பதினேழு ரிப்போர்ட் காலி" என்று போட்டார். ஆனால் அது ஓடவில்லை. அந்த வாரம் பெண்கள் பேருந்து ஓட்டலாமா என்ற விவாதம் சூடாக இருந்தது. அண்ணனும் அங்கே போய்விட்டான்.

பதினேழையும் முடித்த மறுநாள் மத்தியானம், கிணற்று ரிப்போர்ட்டை வாங்க அந்தக் குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா வந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். தண்ணீர் நல்ல தண்ணீர்தான், முன்பு வந்தது தவறு என்பதை வரவேற்பு மேஜையிலேயே நின்று இரண்டு தடவை படித்தார். பிறகு நேராகப் பிரிவுக்குள் வந்துவிட்டார்.

"யார் கையெழுத்து இது?"

ஐந்து அண்ணன்களும் அவரவர் குப்பிகளில் ஆழ்ந்தார்கள். அப்படி ஓர் ஈடுபாட்டை அவள் அங்கே பார்த்ததில்லை.

"என்னோடதுங்க" என்றாள்.

"ஆறு வாரம்மா. தெருமுனைக் குழாய்லேர்ந்து நாலாவது மாடிக்கு. இடுப்பு விட்டுப் போச்சு. தப்பா எழுதிட்டோம்னு இப்ப ஒரு காகிதம் குடுத்தா ஆச்சா? படிச்சவங்கதானே நீங்க?"

அந்த அம்மா நிறுத்தவில்லை. பத்து நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கினார். நியாயமான வசவு. ஒரு சொல்லைக்கூடத் திருப்ப முடியாது. பெரியண்ணன் எழுந்து வந்து, "ஏம்மா, அது பழைய ரிப்போர்ட்டு, அதுல இவங்க கையெழுத்து…" என்று ஏதோ சொல்லப் பார்த்தார். முழுதாகச் சொன்னால் யார் கையெழுத்து என்பதும் வந்துவிடும் என்று பாதியில் தோன்றியிருக்க வேண்டும், மென்று விழுங்கிவிட்டார்.

"என் கையால நடந்த தப்புதாங்க. மன்னிச்சிடுங்க" என்றாள் அவள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. பின்வரிசை வரை கேட்டிருக்கும்.

அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வீட்ல வேற யாரும் சுமக்கலையா?"

"வேற யாரு சுமப்பாங்க" என்றார் அந்த அம்மா, கேள்வியே புரியாதவர் மாதிரி. உட்கார்ந்தார். ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். வைத்ததை மறுபடி எடுத்து, கீழே இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். அடுத்த தடவை ஏதாவது தப்பு வந்தால் கேட்பதற்கு ஆள் யார் என்று தெரிந்திருக்க வேண்டுமாம்.

"நான்தாங்க" என்றாள் அவள்.